பெயரை நீங்களே சொல்லுங்கள்

டான்டினோங், ஃபாஸ்டர் தெரு.
மூடிப்போன பயண முகவர் கடைக்கு மேல்மாடியில்
செவ்வாய்தோறும் ஆறு மணிக்கு வகுப்பு.
மேசையில் ஒரு ரப்பர் கை,
தோளுக்கு மேல் ஆளில்லை.

முதல் மூன்று கிழமையும்
மரிசெல் ஊசியைத் தொடவிடவில்லை.
சொற்கள் மட்டும்.
நான் பிறந்ததிலிருந்து சொல்லிவந்த சொல்லிலேயே
முதலில் பிழைத்தேன்.
ஊசி ஏறாத கையைப் பார்த்து
"நரம்பு கிடைக்கேல்லை" என்றுதானே சொல்லுவோம்?
இங்கே நரம்பு என்றால்
படவே கூடாதது.
பட்டால் விரல்நுனி வரைக்கும் மின்னல் ஓடும்.
கட்டை அவிழ், ஊசியை எடு,
நடந்ததை மறைக்காமல் எழுதிவை.

நமக்கு வேண்டியது நாளம்.
சுட்டுவிரலால் அமுக்கினால்
பதுங்கி, திரும்ப எழும்பும்.
துடிக்கிறதா, அது நாடி, விலகு.
பத்தாம் வகுப்பில் நீலப் பென்சிலால் வரைந்து
முழுப் புள்ளி வாங்கியிருக்கிறேன்.
விரலால் அறிய
நாற்பத்துமூன்று வயதாயிற்று.

பாக்கன்ஹாம் ரயிலில் வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொண்டு போவேன்:
நீலம், சிவப்பு, பொன், பச்சை, ஊதா, கடைசியாகச் சாம்பல்.
வரிசை குழம்பி
ஊதாக் குழாயின் உப்பு பொன்னுக்குள் போனால்
பொட்டாசியம் பொய் சொல்லும்.
குலுக்காதே, கவிழ்த்து நிமிர்த்து, எட்டுத்தரம்.
கட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.
வலிக்காது என்று சொல்லாதே, வலிக்கும்.
இரண்டு முறை தவறினால் ஆளை மாற்று,
மூன்றாவது குத்து உன் வீம்புக்கு.

ரப்பர் கையை அலுமாரியில் வைத்த அன்று
எனக்கு எதிரே தெவிட்டா.
டொங்கா தேசத்துப் பிள்ளை, கதவை அடைக்கும் தோள்.
அவன் பெயருக்கு என் மொழியில் என்ன பொருள் என்று
இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை.
கையுறைக்குள் அவன் விரல் நடுங்கியது.
"முழுப்பெயரை நீங்களே சொல்லுங்கள்."
"வதனரூபி."
படிவத்தைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
ஊசியைக் கீழே வைத்துவிட்டான்.

படிவத்தில் முதற்பெயர் குணபாலசிங்கம்.
என் அப்பா.
விமான நிலையத்தில் யாரோ
அவரை எனக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள்.
இருபது வருடமாக வங்கியில், பல் வைத்தியரிடத்தில்,
பிள்ளையின் பள்ளிக்கூடத்தில்
"நீங்கள் குணபாலசிங்கமா?"
தலையாட்டிக்கொண்டே வந்திருக்கிறேன்.

அதனால்தான் அப்படிக் கேட்கக்கூடாது என்றாள் மரிசெல்.
பசியில் இருப்பவர், காது கேளாதவர், பயந்தவர்
எந்தப் பெயருக்கும் ஆம் என்பார்கள்.
அவள் மெச்சியது தெவிட்டாவை.
அன்று என்னிடம் ரத்தம் எடுக்கவில்லை.

இப்போது சந்தைக்குப் பக்கத்து நிலையத்தில் பயிற்சி.
ஏழு மணிக்கே வரிசை, எல்லாரும் வெறும் வயிறு.
சகிதாத் என்பவர் சட்டைக்கையை மடித்தார்.
பிறந்த தேதி?
"எது வேண்டும்?
அரசாங்கம் தந்ததா, அம்மா சொன்னதா?"
படிவத்தில் உள்ளது, ஐயா.
"ஜனவரி ஒன்று."
அபராதம் கட்டுகிறவர் குரல்.
காலையிலிருந்து அது ஆறாவது ஜனவரி ஒன்று.

அம்மா சொன்னது எதுவென்று கேட்க
எந்த விதியிலும் இடமில்லை.
கேட்டேன்.
"பாதாமி பூத்து, பூ விழத் தொடங்கின கிழமை."

பழைய தழும்புக்குக் கீழே நாளம் அகப்பட்டது.
சின்னதாய் ஒரு குத்து, என்றேன்.
பொன், ஊதா.
அவர் எழும்புமுன் ஒட்டுச்சீட்டை அவர் கண்முன்னே எழுதி
வாசிக்கக் கொடுத்தேன்.
கண்ணாடி போட்டு, எழுத்தெழுத்தாக வாசித்து,
"உன் பெயர்?" என்றார்.

என் கழுத்து அட்டையில் இன்னும் அப்பா.
"வதனரூபி."
அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல்
பஞ்சின்மேல் சட்டைக்கையை இறக்கிக்கொண்டார்.

ஊசி மஞ்சள் பெட்டிக்குள் போகவேண்டும்.
மூடியைத் திரும்பப் போடக்கூடாது.