ஐந்தாம் சக்கரம்

ஜீப்புக்குப் பின்னால் ஐந்தாவதாய் ஒரு சக்கரம்.
சுமை இல்லை அதற்கு.
நடுங்குவது மட்டுமே வேலை.

முப்பத்திரண்டு. கூடாமல் குறையாமல் முப்பத்திரண்டு.
பால் பொங்கப்போகும் அடுப்பைப் பார்ப்பதுபோல்
வேகமுள்ளையே பார்த்து ஓட்டுகிறார் நாகேந்திரப்பா.
மணி இரண்டே கால். ஹென்னூரில்
இந்த நேரத்தில்தான் சாலை கண்ணுக்குத் தெரியும்.

மடியில் லேப்டாப், திரையில் ஒரு கோடு.
ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் கூட்டு,
தூரத்தால் வகு.
ஒரு கிலோமீட்டர் போவதற்குள்
எத்தனை மீட்டர் தூக்கிப் போட்டது நம்மை,
அவ்வளவுதான் கணக்கு.
போன வருஷம் இரண்டு. இப்போது மூன்றரை.

குறுக்கே ஒரு நாய். பிரேக்.
அந்தத் துண்டு செல்லாது, முதலிலிருந்து போகவேண்டும்.
நாகேந்திரப்பா கன்னடத்தில் நாயைத் திட்டினார்,
பிறகு தமிழில் என்னை.

லிங்கராஜபுரம் பாலத்தடியில் ஜெரால்டு.
மொபெட்டில் பதினாறு தட்டு முட்டை,
நாமக்கல் லாரி அப்போதுதான் இறக்கிப்போனது.
என்ன மேடம் அளக்கிறீங்க?
சொன்னேன்.
இதுக்கு ஒரு மிஷினா!
போன தீபாவளிக்கு, இங்கேர்ந்து பேக்கரி வரைக்கும்
ரெண்டு உடையும். இப்ப ஏழு.
மழைக்கப்புறம் பாருங்க,
ஆம்லெட்டாவே கொண்டுபோய்க் குடுப்பேன்.

ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.
படிவத்தில் முட்டைக்குக் கட்டம் கிடையாது.

பகலில் போய்க் குனிந்து பார்த்தால்
தலைமுடி அகலத்தில் ஒரு விரிசல்,
பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்து
பேக்கரியையும் தாண்டிப் போகிறது.
அதற்கு வேண்டியது
ஒரு கொப்பரைத் தார், இரண்டு ஆள், ஒரு மத்தியானம்.
ஜூனுக்கு முன்னால்.
ஜூன் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும்,
ஜல்லியைத் தனித்தனியாகப் பிரிக்கும்,
அப்புறம் தோண்டத்தான் வேண்டும்.
இன்று ஒரு ரூபாய், அன்று ஆறு.
அட்டவணை போட்டு எழுதினேன்.

பசவலிங்கய்யா சார் கோப்பைப் புரட்டினார்.
"ரோடு நல்லாத்தானே இருக்கு?
குழி விழட்டும், எஸ்டிமேட் போடலாம்."
விழுந்த குழிக்குப் பட்ஜெட்டில் ஒரு தலைப்பு உண்டு.
விழாத குழியை
எப்படிப் போட்டோ எடுத்து இணைப்பது?

மே கடைசியில்
பக்கத்து வார்டில் மிஞ்சிய தார் வந்தது.
யார் கையெழுத்தில் என்று நான் கேட்கவில்லை.
பஸ் ஸ்டாப்பிலிருந்து பேக்கரி வரை போதியது,
அதற்கு மேல் இல்லை.

நவம்பர். அதே இரண்டே கால், அதே முப்பத்திரண்டு.
பேக்கரி வரைக்கும் மூன்றரை,
திரையில் புதிதாக எதுவுமே நடக்கவில்லை.
எதுவுமே நடக்காததை
இவ்வளவு ஆசையாக நான் பார்த்ததில்லை.
பேக்கரி தாண்டியதும் சக்கரம் எகிறியது,
நாகேந்திரப்பாவிடம் முள் நிற்கவில்லை.

திரும்பும்போது பாலத்தடியில் நிறுத்தச் சொன்னேன்.
ஜெரால்டு கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார்.
அந்தப் பக்கம் எண்றதையே விட்டுட்டேன் மேடம், என்றார்.
இந்தப் பக்கம்?

ஏழு.
ஒண்ணுகூட ஏறலை.