மூன்றாவது குத்து எனக்கில்லை

கோத்தகிரியில் உறைபனி விழுந்த காலை
ஒரு கையிலும் நரம்பு தெரியாது.
நரம்பு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். சிரை அது.
நிஜ நரம்பில் பட்டால்
சுண்டுவிரல்வரை கரண்ட் ஓடும்.

முதலில் பெயர்.
நான் சொல்லக் கூடாது, அவர்தான் சொல்லவேண்டும்.
"நஞ்சி."
பெஞ்சில் இன்னொரு நஞ்சி. அதே ஹட்டி, அதே சர்க்கரை.
அப்பா பெயர் கேட்டேன்,
இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.
அறுபது வயதில் அதை யார் கேட்கிறார்கள்?
போஜன் மகள் நஞ்சி. சீட்டு இவருடையது.

வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி மடியில் கொடுத்தேன்.
வெளியே மினிபஸ் ஹாரன்.
அடிக்கட்டும்.

கையுறை. பட்டை, ஒரு நிமிடத்துக்கு மேல் இல்லை.
ஸ்பிரிட் தானாகக் காயவேண்டும், ஊதக் கூடாது.
அமுக்கினால் மெத்தென்று எழும்புவது சிரை,
துடித்தால் தமனி, விலகிவிடு.

குத்தினேன். ஒன்றுமில்லை.
உள்ளேயே ஊசியைத் திருப்பித் தேடக் கை துறுதுறுக்கும்,
எடுத்துவிட்டேன்.
"இந்தக் கை கஞ்சம்" என்று
மற்றதை நீட்டினார், தேயிலைக் கறையோடு.
இதுவும் தவறினால் ஜெபசீலனைக் கூப்பிடவேண்டும்,
அவன் டீ குடிக்கப் போயிருக்கிறான்.

புது ஊசி, சாய்ந்த முனை மேலே பார்க்க.
வந்தது. கருஞ்சிவப்பாய், அவசரமில்லாமல்.

முதலில் பட்டையைத் தளர்த்தி, பிறகு ஊசியை உருவி,
மூடி போடாமல் டப்பாவில்.
பஞ்சை அழுத்துங்கள், கையை மடக்காதீர்கள்.
குழாயில் அவர் பார்க்கவே எழுதினேன்:
நஞ்சி, த/பெ போஜன்.

நிமிர்ந்தால் அடுத்த நஞ்சி.
புட்டி ஏற்கெனவே
அவர் மடிக்குப் போயிருந்தது.