ஒட்டுக் கழுந்து

சுங்கை காடுட்டில் தகரத்தின்மேல் மழை விழும்போது
பேச்சை நிறுத்திவிடுவோம், நானும் ரோஸ்லியும்.
உளி பேசும், கொட்டாப்புளி பதில் சொல்லும்.
அப்படியொரு பிற்பகலில்தான்
லாரியிலிருந்து இறங்கியது திருமதி கோவின் நாற்காலி,
குமிழ்த்தாளில் சுற்றி,
அறுவைக்கு வந்த நோயாளிபோல.

கூடவே ஒரு சீட்டு:
இங்கிலாந்து. ஓக். கைவேலை.
அசல் என்று எழுதித் தரவும்.
சீனப் புத்தாண்டுக்குள்.

அந்த ஊர்க் கதை எனக்குத் தெரியும்.
ஆலைகள் நாற்காலிக்கு மீசை வைத்த காலம் அது.
அச்சில் பிழிந்த ரோஜாக்கள், சிங்கப் பாதங்கள்,
மட்ட மரத்துக்கு மஹோகனித் தோல்.
வெறுத்துப்போன சிலர் சொன்னார்கள்:
மரம் மரமாக இருக்கட்டும்.
கால் எங்கே கைப்பிடியைச் சந்திக்கிறதோ
அந்த இடத்தை மூடாதே.
கழுந்து துளையைக் கடந்து
மறுபக்கம் தலைகாட்டட்டும்.
மூட்டைக் காட்டு, வேறு நகை வேண்டாம்.

ஓக்கை அறையில் அடைத்து
அம்மோனியா ஆவியில் கறுக்கவைத்தார்கள்.
எளியவர் வீட்டுக்கென்று நேர்கோடு இழுத்தார்கள்.
விலைச்சீட்டில்தான் கோடு கோணியது.
உழைப்பாளியால் வாங்க முடியாத உழைப்பு
வங்கிக்காரர் வீட்டுக் கணப்பருகே போய் உட்கார்ந்தது.
இதைச் சொன்னால் ரோஸ்லி சிரிப்பான்:
"நம்ம கடை மாதிரியே."

முதலில் எடை சந்தேகம் தந்தது. பிறகு மணம்.
அடிச்சட்டத்தில் ஒரு மயிரிழை சீவினேன்.
எண்ணெய்ப் பிசுக்கு, பழந்தோல் வாசம்.
தேக்கு.
மேலே பூசியிருந்தது கடுந்தேநீரோ என்னவோ.

வலக் கைப்பிடியில் எட்டிப்பார்த்த சதுரத் தலைக்கு
ஆவி பிடித்தேன், சோறு வடியும் நேரம்.
கழன்று உள்ளங்கையில் விழுந்தது
பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு துண்டு.
அடியில் துளை இல்லை.
வழவழவென்று, எதுவும் அறியாத மரம்.
இடப்பக்கமும் அப்படியே.
மூட்டைக் காட்டப் பிறந்த நாற்காலி
தலையில் பொய் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

எரிச்சலில் பின்புறம் திருப்பினேன்.
சுவரைப் பார்த்தே நிற்கும் பக்கம்,
யாரும் துடைக்காத பக்கம்.
கைப்பிடி முதுகுக்காலில் சேருமிடத்தில்
ஆணி இல்லை, பசை இல்லை, ஒரு கோடுகூட இல்லை.
இழுத்தேன். ரோஸ்லி தட்டினான். ம்ஹூம்.
கீழிருந்து மேலாக, அந்த ஒரே திசையில் தட்டியபோது
பெருமூச்சுவிட்டு நகர்ந்தது:
தகைவிலான் வால்போல் விரிந்த ஒரு நாக்கு,
இருட்டில் நூறு வருடம் கவ்விக்கொண்டிருந்த நாக்கு.
அதன் கன்னத்தில் பென்சில்.
ஒரு பெருக்கல் குறி, மூன்று கோடு, ஒரு முடிச்சு.
பழைய சீன மருந்துக்கடை இழுப்பறைகளில்
பார்த்திருக்கிறேன் அந்த எண்களை.

இப்படி இருந்திருக்கலாம்.
அலெக்ஸாண்ட்ரா பக்கம், கறுப்பு வெள்ளை பங்களா.
யாரோ ஒரு பொறியாளரின் மனைவி
விலைப்பட்டியலில் கிழித்த படத்தை
விக்டோரியா தெருத் தச்சர் ஒருவரிடம் நீட்டுகிறாள்.
படத்தில் முன்பக்கம் மட்டும்.
அந்தச் சதுரத்தை அவர் நெற்றிப்பொட்டு என்று நினைத்தார்.
கேட்டாள், ஒட்டினார்.
படம் காட்டாத பின்புறத்தை யாரைக் கேட்டுச் செய்வது?
தன்னைக் கேட்டுச் செய்தார்.
மூட்டு வெளியே தெரிவதென்றால் அவருக்குச்
சட்டையில்லாமல் விருந்துக்குப் போவதுபோல.

தொலைபேசியில் திருமதி கோ: "அசல்தானே?"
மழை விட்டிருந்தது, கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

எழுதினேன்:
தேக்கு. இங்கே செய்தது. கையால்.
முன்பக்கம் ஒரு படத்தின் நகல்.
பின்பக்கம்
என்று தொடங்கி, பேனாவை வைத்துவிட்டு,
வாலை அதன் துளைக்குள் மறுபடி இறக்கினேன்.
பசை கேட்கவில்லை.

துண்டுகளை ஒட்டுவதா விடுவதா என்று
அவரைத்தான் கேட்டிருக்கிறேன்.
ஒன்று என் மேசைமேல்.
மற்றதை, எங்கள் தேநீர் மேசையின் ஆடும் காலுக்கு
அண்டை கொடுத்திருக்கிறான் ரோஸ்லி.
முதன்முறையாகப் பாரம் தாங்குகிறது.