பறக்கும் மீனின் பெயர்

டிரம்சைட் தாண்டி, பழைய பொஸ்பேட் பாதையில்
முப்பத்தோராவது வாளி.
இரவில் ஊர்பவை விழட்டும் என்று
விளிம்புவரை மண்ணில் புதைத்தது.

ரொஸ்னா டோர்ச்சைச் சரித்தாள்.
இரண்டு சிவப்பு நண்டு,
கால் ஒடிந்த மட்டத்தேள் ஒன்று.
அடியில், ஈர இலைக்குக் கீழே,
யாரோ கழற்றி எறிந்த சப்பாத்து நாடா.

நாடா அசைந்தது.

செவிப்பாம்பு என்றேன்.
நித்திரையில் காதுக்குள் போய்விடும் என்று
பஞ்சு அடைத்துப் படுத்த சித்தப்பா ஒருவர்
எனக்கு இருந்தார் என்றும் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
"கறுப்பா, இளஞ்சிவப்பா?"

கறுப்பென்றால் பூந்தொட்டி மண்ணில் ஒளிந்து வந்தது.
எங்கட பக்கத்துச் சரக்கு.
ஆணே கிடையாது; அத்தனையும் பெண்.
ஒன்று கரை சேர்ந்தால் போதும்,
ஒரு குலம்.

இளஞ்சிவப்பென்றால்
இந்தத் தீவை விட்டால் வேறு மண் இல்லாதது.
அதற்குத் துணை வேண்டும்.
துணை எந்த வேருக்கடியில் என்று யார் கண்டது,
அதற்கே கண் இல்லை.

பாம்பென்றால் படையும் நடுங்குமாம்.
இங்கே மஞ்சள் எறும்புப் படைக்கு
நடுங்குகிறது பாம்பு.

உள்ளங்கையில் விட்டேன்.
ஒரு நுனி முள்ளாய்க் குத்தியபிறகுதான்
அது வால் என்று தெரிந்தது.
மறுநுனியில்
செதிலுக்கடியில் இரண்டு கடுகு.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
பூர்வீகம். வந்தேறி.
பேனை என்னிடம்.
ஒன்பது வருடத்துக்கு முன், இதே தீவின்
வடமேற்கு முனையில், கம்பி வேலிக்குள்,
இப்படி ஒரு தாளில் என்னை நிரப்பியவர்
பெயரைப் பிழையாக எழுதினார்.
இன்றுவரை அதுதான் என் பெயர்.

டோர்ச் வெளிச்சத்தில் எல்லாமே இளஞ்சிவப்புத்தான்,
என் விரல்கூட.
விடியட்டும் என்றாள் ரொஸ்னா.
மரக்கட்டையில் குந்தியிருந்து
பிளாஸ்கில் மிச்சமிருந்த தேத்தண்ணியைக்
குடித்தோம்.

விடிந்தது. இளஞ்சிவப்பு.

ரொஸ்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.
பிறகு அதன் லத்தீன் பெயரைச் சொன்னாள்:
பறக்கும் மீன் என்று வருமாம்.
அந்தக் காலத்தில் இங்கு வந்த கப்பலின் பெயர்,
அதையே இதற்கும் சூட்டினார்களாம்.

மண்ணைவிட்டு ஒரு விரற்கடை எழும்பாத பிராணிக்கு!

எங்கட படகுக்குப் பெயர் இருக்கவில்லை.
அணியத்தில், உப்பு தின்ற பெயின்றில்
பாதி மூன்று மட்டும்.

நீளம் பதினேழரை சென்ரிமீற்றர்.
கட்டத்தில் கோடு போட்டேன், கொஞ்சம் அழுத்தி.
வேரோரம் இறக்கிவிட்டோம்.
அது திரும்பிப் பார்க்கவில்லை; பார்க்க வழியில்லை.
கறையான் மணத்தைப் பிடித்துக்கொண்டு
உள்ளே போனது.

முப்பத்திரண்டாவது வாளியில்
மழைத்தண்ணி மட்டும்.