நூற்று அறுபத்தாறு

தாளில் எழுதி வைத்திருந்தேன்:
முதல் நாள், அனந்தபூர். மதியச் சாப்பாடு ஓசூர் தாண்டி.
மழையைக் கேட்காமல் எழுதியது.

நாமக்கல்லில் தூறல்.
சேலத்தில் மழை.
தொப்பூர் கணவாயில் அதற்குப் பெயர் கிடையாது.
எதிர்ப்பக்கம் இறங்கும் லாரிகளின்
பிரேக் தீயும் வாடை மட்டும்
எப்படியோ நனையாமல் உள்ளே வந்தது.
நான் ஏறிக்கொண்டிருந்தேன், இரண்டாவது கியரில்,
ஆளில்லாத காரில் "சரி, சரி, சரி" என்று
சத்தமாகச் சொல்லிக்கொண்டு.

ஒரு வளைவில் என் பக்கத்து வைப்பர் நின்றது.
நின்றதுகூட இல்லை. ரப்பர் கழன்று
கறுப்புப் பாம்புக்குட்டிபோல ஒருமுறை துள்ளிப்
பள்ளத்துக்குள் போய்விட்டது.
இடப்பக்கத்து வைப்பரோ
எதுவும் நடக்காததுபோல்
காலி இருக்கைக்குச்
சாலையைத் துடைத்துத் துடைத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து எவ்வளவு நன்றாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.
இருபத்திரண்டு வருடம் அங்கே உட்கார்ந்தவள் நான்.
லாரி வருது.
ஸ்பீடு பிரேக்கர்.
பாத்து.
மடியில் தண்ணீர் பாட்டிலும் உரித்த ஆரஞ்சுமாய்
எல்லாச் சாலையையும் முழுசாகப் பார்த்தவள்,
ஒன்றையும் திருப்பாதவள்.

கழுத்தை இடப்பக்கம் சாய்த்து
என் பழைய கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தபடி
ஓட்டினேன்.
நல்லம்பள்ளி போயிருக்க வேண்டும்.
தர்மபுரி வந்து போயிருக்க வேண்டும்.
நான் பார்த்தது
ஒரு தக்காளி வண்டியின் பின்கதவும்
கண்ணேறு படாமலிருக்க அதில் தொங்கிய
ஒற்றைச் செருப்பும்தான்.
செருப்பு ஆடிய பக்கமெல்லாம் நானும் ஆடினேன்.
பாலக்கோடு பிரிவில் அது திரும்பிப் போனபோது
ஏமாற்றப்பட்டதுபோல் கோபம் வந்தது.

காரிமங்கலம். தகரக் கொட்டகை, பஞ்சர் பலகை.
சட்டைப் பையில் மாதையன் என்று நூலால் தைத்திருந்தது.
சட்டை அவருடையதுதானா, கேட்கவில்லை.
"பிளேடு இங்க இல்லீங்க. கிருஷ்ணகிரி போனாத்தான்."
குனிந்து உள்ளே பார்த்தார்.
"ஒண்டியாவா வர்றீங்க?"
இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன்:
கோபம் ஒன்று, சிரிப்பு ஒன்று, பொய் ஒன்று.
வாய் "ஆமாங்க" என்றது.
"அப்ப அந்தப் பக்கம் எதுக்கு?"
கழற்றி என் பக்கம் மாட்டினார். இரண்டு நிமிடம்.
"இது குட்டைங்க. மேல ஒரு சாண் தெரியாது.
வானந்தான, வேணாம்."
இருபது ரூபாய். நனைந்த தாளைத் திருப்பித் தந்து
வேறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணை
பாலத்துக்கு வெகு பக்கத்தில், தேநீர் நிறத்தில்,
யாருடையதோ வாழைகளைக் குலையோடு கொண்டுபோனது.
ஒரே குடையில் மூன்று போலீஸ்காரர்கள்,
"நிக்காதீங்க, போங்க, போங்க."
போனேன்.
இடப்பக்கக் கண்ணாடி முழுக்க வெளுத்துக் கிடந்தது,
பூட்டிய வீட்டில் நாற்காலிக்குத் துணி போர்த்தியதுபோல.
இரக்கம் வரும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை.
ஈரத் துப்பட்டாவையும் அனந்தபூர் தாளையும்
அந்த இருக்கையில் எறிந்தேன்.

கிருஷ்ணகிரி. ரவுண்டானா தாண்டி ஒரு லாட்ஜ்.
பதிவேட்டில் நபர்கள் என்ற கட்டத்தில்
1 என்று எழுதினேன்.
மேசைப் பையன் பேனாவை வாங்கிப்
பக்கத்திலேயே ஒன்று மட்டும் என்று எழுதினான்,
செக்கில் எழுதுவதுபோல,
பின்னால் யாரும் பூஜ்யம் சேர்த்துவிடக் கூடாதே என்று.

மகளின் போன். "அனந்தபூர் வந்துடுச்சா?"
"கிருஷ்ணகிரி."
"அவ்ளோதானா?"
"நூத்தி அறுபத்தாறு" என்றேன்,
மார்க் சொல்வதுபோல.

வைப்பர் ஜோடியாகத்தான் விற்பார்களாம், பையன் சொன்னான்.
கடை ஒன்பதரைக்கு. மழை நாளையும் உண்டாம்.
கழுத்து இன்னும் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது.
தலையணையை மடித்து
முட்டுக்கொடுத்துப் படுத்தேன்.