உலர விடும் நேரம்

மாடி அறையைக் காலி செய்தவன்
மூன்று மாத வாடகைக்கு ஈடாக
விட்டுப் போனது ஒரு நீலத் தொட்டி.
உள்ளே, காதோரம் சிவப்புக் கோடு போட்ட
கையகல ஆமை.

திருத்துறைப்பூண்டியில் கேன் தண்ணீர் விற்கிறேன்.
இங்கே போர் போட்டால் வருவது
பருப்பு வேகாத தண்ணீர்.
வாடிக்கைக்காரர் கண்ணெதிரே
டம்ளரில் மானியை முக்கி
அறுபத்திரண்டு என்று காட்டுவேன்.
அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

ஆமைக்கும் அதையே ஊற்றினேன்,
வாரம் ஒரு கேன்.
"முதலாளி வீட்டு ஆமைல்ல"
என்று சிரித்தான் லோடு ஏற்றும் செல்வகணபதி.

கத்திரி வெயில் நாளில்
முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி.
தேய்த்தேன், போகவில்லை.
அழுத்தித் தேய்த்தேன்.
நகம் பட்ட இடம் மாவாக உள்வாங்கியது.
மோந்து பார்த்தால்
வடியாத வயலில் மட்கிய தாள்கட்டை வாடை.
மானியை முக்கினேன். எண்பத்தொன்று.
நல்ல தண்ணீர்தான் என்றது மானி.

கால்நடை மருந்தகத்தில்
சினை ஊசிக்கு நின்ற மாடுகளுக்குப் பின்னால்
வாளியோடு நான்.
டாக்டர் மங்கையர்க்கரசி
கையுறையை மாற்றிக்கொண்டு குனிந்தார்.
"உங்க மெஷின் உப்பைத்தான் சொல்லும்.
இது போன தண்ணியிலயே இது திங்குது,
அந்த அம்மோனியாவ எது சொல்லும்?"
பிறகு, புள்ளியைத் தொடாமல் சுற்றி வந்த விரலோடு:
"ஓட்டை வீடுன்னு நினைச்சிட்டீங்க.
முதுகெலும்பு சார் அது.
தொட்டா தெரியும் அதுக்கு."

நான் தேய்த்த தேய்ப்பு
என் தோள்பட்டைக்குள் ஒருமுறை சுருண்டது.

பகலெல்லாம் உலர்ந்த துண்டின்மேல் அது.
குழந்தைகள் பல்துலக்கும் பிரஷால் ஒரு வருடல்,
பஞ்சில் தொட்டுப் பழுப்பு அயோடின்,
காலையும் மாலையும் மட்டும் தண்ணீர்.
ஆமையைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதே மருந்து என்றால்
யார் நம்புவார்கள்,
தண்ணீர் விற்பவனே நம்பவில்லை.
தின்ன வேறு பேசின்.
நகராட்சிக் குழாய்த் தண்ணீரை
ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தேன்,
குளோரின் வந்த வழி போகட்டும் என்று.
எட்டு மணி வெயிலுக்கு மொட்டைமாடி,
பாதி நிழல், காக்கைக்குக் காவலாக நான்.
கண்ணாடி வழியே வரும் வெயில்
கணக்கில் சேராதாம்.

மைத்துனன் குஞ்சிதபாதம் வந்தான்.
"கோயில் குளத்துல விட்ருங்க, புண்ணியம்."
அங்கே ஏற்கனவே இருக்கின்றன
இந்த மண்ணின் கறுத்த ஆமைகள்,
காய்வதற்குப் படி போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாக.
இது வேறு தேசத்துப் பசி.
புண்ணியம் எனக்கு, பட்டினி அதுகளுக்கு.
மாட்டேன் என்றேன்.
காபியை ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டுப் போனான்.

மேட்டூர் திறந்து பதினேழாம் நாள்
முள்ளியாற்றில் தண்ணீர் வந்தது,
நுரையையும் பிராந்தி பாட்டிலையும்
முன்னால் தள்ளிக்கொண்டு.
சூடம் காட்டினார்கள், நானும் கும்பிட்டேன்.
ஒரு வாளி மொண்டு வந்து ஆமைக்குக் காட்டினேன்.
கழுத்தை நீட்டியது,
முழுக் கழுத்தையும்.
ஊற்றவில்லை.
இரண்டு நாள் வண்டல் படியப் பார்த்துவிட்டு
கறிவேப்பிலைக் கன்றுக்கு விட்டேன்.

ஐப்பசி அடைமழையில்
தொட்டியில் மிதந்தது ஒரு செதில்,
வரி வரியாக, ஊடே பார்க்கலாம்போல.
பதறிப் போன் செய்தேன்.
"உரியட்டும், பிய்க்காதீங்க,"
பின்னால் ஒரு மாடு கத்தியது,
வைத்துவிட்டார்.
புள்ளி இருந்த இடத்தில் இப்போது குழி.
கெட்டிக் குழி, வாடை இல்லை.
அது தூராது என்றுதான் தோன்றுகிறது.

செதில் என் பில் புத்தகத்தில் இருக்கிறது,
கார்பன் தாளுக்கு அடுத்து.
நேற்று வேலூர்பாளையம் டீச்சர்
கேனைத் தட்டிப் பார்த்துக் கேட்டார்,
"தண்ணி நல்லாயிருக்குல்ல?"
மானியை எடுத்தேன், முக்கினேன்,
எண்ணைச் சொல்ல வாய் திறந்து
"எதுக்கு டீச்சர்?" என்றேன்.