மூடி

சபை பிரிந்தபோது பானை அவர்களுக்குப் போனது,
மூடி எங்களுக்கு வந்தது.
கிறிஸ்துவின் சரீரத்தை
அப்படித்தான் பங்கு வைத்தோம்.

வினிபெக், சார்ஜன்ட் அவென்யூ.
யாரோ ஐஸ்லாந்துக்காரர்கள் கட்டி விட்டுப்போன கோயில்.
காலை ஒன்பது மணி அவர்களுடையது,
மதியம் ஒரு மணி எங்களுடையது.
கீழ்த்தளத்தில் இரண்டு அலமாரி, இரண்டு பூட்டு.
சண்டை தொடங்கியது சனிக்கிழமைக் கஞ்சியில்.
கிருபையால் மீட்கப்பட்டவனுக்குக் கரண்டி எதற்கு
என்றார் எங்கள் தர்மகுலசிங்கம்.
கரண்டி பிடிக்காத கைக்குக் கிருபை எதற்கு
என்றாள் அவர்கள் ரஞ்சிதபாய்.
இருவரிடமும் வசனம் இருந்தது.
வசனத்துக்கா பஞ்சம்.

ஆறு வருடம்
அவர்கள் பானையை அலுமினியத் தாளால் மூடினார்கள்.
நாங்கள் மூடியை மல்லாத்தி
கூரை ஒழுகும் இடத்தில் வைத்தோம்.
ஜெப நேரத்தில் டக், டக் என்று
அது மட்டும் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜனவரியில் ஒரு வியாழன். மைனஸ் முப்பத்தெட்டு.
எதிர்க் கட்டடத்தில் ஹீட்டர் நின்றுவிட்டது, ஐந்து மாடிக்கும்.
போர்வையோடு, பூனையோடு,
ஒருத்தி ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு,
தெருவைக் கடந்து வந்தார்கள்.
ஒரு சாவி என்னிடம், மற்றது ரஞ்சிதபாயிடம்.
வாசலில் எதிர்ப்பட்டோம்.
அவள் என் பூட்ஸைப் பார்த்தாள்.
நான் அவள் பூட்ஸைப் பார்த்தேன்.

அரிசி அவர்கள் அலமாரியில்,
பயறு எங்கள் அலமாரியில்.
தர்மகுலசிங்கம் கோட்டைக்கூடக் கழற்றாமல் வெங்காயம் உரித்தார்.
மூடியைத் தேய்த்துக் கழுவி எடுத்துப் போனேன்.
அதன் விளிம்பில் ஒரு பழைய நெளிவு.
இடப்பக்கம் சற்றுத் திருப்பினால்தான் உட்காரும்.
கை அதை மறந்திருக்கவில்லை.

முதல் கிண்ணம் வாங்கியவர்
ஒரு வாய் குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.
அப்போதுதான் தெரிந்தது,
அவளும் உப்புப் போட்டிருக்கிறாள்,
நானும் போட்டிருக்கிறேன்.
பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர்
ஒரே பானைக்குச் செய்த நன்மை.
பூமிக்கு உப்பாய் இருப்பதற்கும்
ஓர் அளவு உண்டு போலிருக்கிறது.

தண்ணீர் ஊற்றினோம். இன்னும் ஊற்றினோம்.
நாற்பது பேருக்கு வைத்தது
அறுபது பேருக்குப் போதுமாயிற்று.
அற்புதம் என்று யாரும் சாட்சி சொல்ல வேண்டாம்,
கஞ்சி தண்ணீராக இருந்தது.

ஞாயிறு பழையபடி ஒன்பது, ஒன்று.
கணக்குப் புத்தகமும் இரண்டுதான்.
கூரை ஒழுகும் இடத்தில் இப்போது
ஒரு ஐஸ்கிரீம் டப்பா.
மூடியைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதக்
கமிட்டியில் தீர்மானம் போட்டாயிற்று.
செயலாளர் நான்.
இன்னும் எழுதவில்லை.

சனிக்கிழமை அடுப்படியில்
முதுகைக் காட்டியபடியே
ரஞ்சிதபாய் கேட்கிறாள்:
"உப்புப் போட்டாச்சா?"